ஃபிரிட்ஜ் நின்ற இடம்

ஃபிரிட்ஜை மறைத்தாயிற்று, அது நின்ற இடத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது? சுவர் முழுக்கப் புகையேறிக் கிடக்க, அந்தக் கட்டம் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. தன் பொய்யைத் தானே சட்டம் போட்டு மாட்டி வைத்தது மாதிரி.

லோகநாயகி தினசரிக் காலண்டரை அங்கே மாட்டிப் பார்த்தாள். காலண்டர் சின்னது. அதற்குக் கீழே அரிசி மூட்டையை இழுத்துப் போட்டாள். இப்போது மூட்டைதான் முதலில் கண்ணில் பட்டது. ஒரு மூட்டை அரிசி வைத்திருப்பவள் ஏழையா? அதையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அவள் மகள் எழிலரசி, சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியின் ஆறாம் வகுப்புக்காக உதவித்தொகைப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். கிடைத்தால் பன்னிரண்டாவது வரைக்கும் கட்டணத்தைக் கடலூர் அறக்கட்டளை ஒன்று கட்டிவிடும். தேறியது நாற்பது பேர், இடம் பத்து. வீட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள்.

"ஃபிரிட்ஜப் பாத்தா வசதியானவுங்கன்னு எழுதிடுவாங்கக்கா" என்று கிளப்பிவிட்டவள் பக்கத்து வீட்டு மாலதி. காலையில் இரண்டு பேருமாகத் தெருவே பார்க்க அதைத் தள்ளிக்கொண்டுபோய் மாலதி வீட்டில் வைத்தார்கள். "நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று எழிலரசிக்கு உத்தரவு.

பதினொரு மணிக்கு அறக்கட்டளையிலிருந்து ஜெயப்பிரகாஷ் வந்தார். பரங்கிப்பேட்டையில் இரண்டு வீடு பார்த்துவிட்டு வெயிலில் வந்த மனிதர், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எழிலரசி வாயைத் திறக்கவில்லை. வெளியே ஓடிப்போய் ஒரு சொம்பும் டம்ளருமாக வந்து நின்றாள். சொம்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

அவர் குடித்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுத் தண்ணி சார்" என்றாள் லோகநாயகி அவசரமாக.

"தெரியும்மா. வழி கேக்க மொதல்ல அங்கதான் போனேன். ரெண்டு ஃபிரிட்ஜ் நிக்குது. ஒண்ணுல எழிலரசின்னு பேர் போட்ட டைம்டேபிள் ஒட்டியிருக்கு."

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாலதியின் தலை உள்ளே போய்விட்டது.

"ஃபிரிட்ஜுக்கெல்லாம் ஃபாரத்துல கட்டமே கெடையாதும்மா. வருமானச் சான்று போதும். நான் போற வீட்ல பாதி வீட்டுச் செவுத்துல இதே கட்டம்தான்."

லோகநாயகிக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. அவரும் சிரித்தார். அப்படியே போனை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார்.

"ஒரு சின்ன வீடியோ. பணம் குடுக்கறவுங்க பாப்பாங்க. இந்த ஒதவி கெடைக்கலன்னா பொண்ண நிறுத்தி வேலைக்கு அனுப்பியிருப்போம்னு சொல்லுங்க. கண்ணு கலங்குனா இன்னும் நல்லது. வீடியோ இருந்தா லிஸ்ட்ல மேல போவும்."

"இல்லன்னா சார்?"

"வீடியோ இருக்கறவுங்க பேரு மொதல்ல போவும்."

அழுவது அவளுக்குப் பெரிய வேலையில்லை. ஃபிரிட்ஜையே ஒளித்து வைத்தவளுக்கு இரண்டு வரிப் பொய்யா வராது? வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அதற்குள் எழிலரசி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. நிஜமாகவே அனுப்பியிருப்பாயா என்று அந்தக் கண் கேட்டது. ஃபிரிட்ஜை மாலதியும் தானுமாகச் சாயங்காலமே தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். இதை ஒருமுறை இவள் காதில் போட்டுவிட்டால் யாரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொண்டுவருவது? கிடைக்காவிட்டால் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பியிருப்பாள். அதுதான் உண்மை. அதைச் சொன்னால் யார் கண் கலங்கும்?

"ரெண்டே வரிதாம்மா" என்றார் அவர்.

"பரீட்சைய அவ நல்லா எழுதுனா சார். வேணும்னா அதச் சொல்றேன்" என்றாள் லோகநாயகி. "மத்தத நான் சொல்லமாட்டேன்."

போன் இன்னும் நிமிர்ந்தே இருந்தது. அவள் சொம்பைச் சாய்த்து, மிச்சமிருந்த குளிர்ந்த தண்ணீரை அவருடைய டம்ளரில் ஊற்றினாள்.