தேயாத விரல்கள்

துர்காவை ஜன்னலோர மேசைக்கு மாற்றிய அன்றைக்கே கனகாவின் வயிறு பற்றிக்கொண்டது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ராஜ்மோகனின் பொம்மைக் கம்பெனிக்குக் கனகா வந்து பதினோரு வருஷம். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புவது அவள் வேலை. பொம்மைக்குக் கண் எழுதும் அந்த மேசையும், அதற்கு மேலே சுற்றும் ஃபேனும் என்றைக்காவது தனக்கு வரும் என்று இருந்தாள். வேப்பூரிலிருந்து பஸ்ஸில் வரும் துர்கா, மூன்றே மாதம் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தவள், நாலாம் மாதம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

அவள் எழுதிய கண்களாவது கோணலாக இருக்கக் கூடாதா? அழகாக வேறு இருந்து தொலைத்தன.

அந்த நேரம் பார்த்து அரசாங்க உத்தரவு வந்தது. வேலை செய்கிறவர் ஒவ்வொருவரும் ஆதார் கார்டில் இருக்கும் அதே ஆள்தானா என்று முதலாளியே சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். சரிபார்க்காத ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது. ராஜ்மோகன் அதை டிராயருக்குள் போட்டு மறந்தே போனார். கனகா விடுவாளா?

"சார், துர்கா அவ அக்கா கார்ட காட்டி வேலைக்கு வந்துருக்கான்னு பேசிக்கிறாங்க. போட்டோவப் பாருங்க, மூஞ்சியே ஒத்து வரல. நாளைக்கு ஆபீசருங்க வந்தா உங்களத்தான் கேப்பாங்க."

யாரும் பேசிக்கொள்ளவில்லை, பேசியது கனகா ஒருத்திதான். அப்படிப் பார்த்தால் கார்டு போட்டோவில் யார் முகம்தான் ஒத்து வந்திருக்கிறது?

ராஜ்மோகன் பயந்த சுபாவம். மறுநாள் காலையிலேயே கைரேகை மெஷினோடு ஒருவரை வரவழைத்து எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். வேடிக்கை பார்க்க வசதியாகத் துர்காவுக்கு நேர் பின்னால் கனகா நின்றுகொண்டாள்.

துர்கா கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆள்காட்டி விரலுக்கும் சிவப்பு. கனகாவுக்கு நெஞ்சு ஜில்லென்று இருந்தது. நடுவிரலை வைத்ததும் பச்சை எரிந்துவிட்டது.

அடுத்தது கனகா. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாள், புடவையில் துடைத்துத் துடைத்து வைத்தாள். எல்லாம் சிவப்பு. ரேஷன் கடையில் எப்போதும் புருஷன் கொளஞ்சியப்பன்தான் விரல் வைப்பார்; தன் ரேகை அழிந்துபோனது அவளுக்கே தெரியாது.

"சரிபார்க்காத ஆள உள்ள வுடக்கூடாதும்மா. நேத்து நீதான சொன்ன, என்னத்தான் கேப்பாங்கன்னு," என்றார் ராஜ்மோகன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கனகா மறுபடி ஒரு தடவை கட்டைவிரலை மெஷினில் அழுத்தினாள். இந்தச் சம்பளம் இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

துர்கா திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக் காட்டினாள். "சார், இது உப்புத்தாளு தேய்ச்ச கை சார். மூணு மாசத்துலயே எனக்கு ரெண்டு வெரலு வழுவழுன்னு ஆயிடுச்சு. அக்கா பதினோரு வருஷமா தேய்க்கிறாங்க. கண்ணப் பாக்குற மெஷினு இருக்குதாமே, அதக் கொண்டாரச் சொல்லுங்க. அதுவரைக்கும் அக்காவ நிறுத்தாதீங்க சார்."

ராஜ்மோகன் தலையைச் சொறிந்தார். "சரி, ஒரு வாரம் பாப்போம். நீ உள்ள போம்மா."

கனகாவுக்கு அழுகை முட்டியது. யார் பிழைப்பில் மண்ணைப் போட நினைத்தாளோ, அவளே வந்து காப்பாற்றிவிட்டாள். நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். கண் மட்டும் துர்காவின் கையைவிட்டு நகரவில்லை. ரெண்டுதானே போயிருக்குது, இன்னும் எட்டு விரல் இருக்குதே இவளுக்கு என்று எண்ணிக்கொண்டிருந்தது மனசு.