அக்கரை எங்களுக்கு உண்டு

ஆற்றுக்கு இரண்டு கரை, இரண்டு அரசாங்கம், ஒரே மொழி. சண்டைக்கு மொழிபெயர்ப்பாளர் செலவு இல்லை என்பதில் இரு தரப்புக்கும் லாபம். எதிர்க்கரையில் அவர்களுடைய அணு உலை. சில வாரங்களாக அதன் அபாயச் சங்கு நேரங்கெட்ட நேரத்தில் அலறியது. கேட்டால், சங்கைச் சோதிக்கிறோம் என்றார்கள்.

இக்கரையில் வெளியுறவுத் துறை அறிக்கைகளை எழுதும் அலுவலருக்கு ‘ஒற்று’ என்று பட்டப்பெயர். ஒரு ‘க்’ விடுபட்டாலும் மந்திரி கையெழுத்திட்ட கோப்பையே திருப்பி அனுப்புகிற ஆசாமி. அவருடைய தங்கை வாழ்க்கைப்பட்டது எதிர்க்கரையில். மாப்பிள்ளைக்கு உலையிலேயே வேலை.

காலையில் தங்கை பேசினாள்.

"அண்ணா, பிள்ளைங்கள கூட்டிட்டு அங்க வந்துடவா? இவர்தான் விடமாட்டேங்கறார். ஊழியர் குடும்பமே ஓடுதுன்னு பேராச்சுன்னா வேலைக்கு வேட்டு வெச்சிடுவாங்களாம். உங்க அரசாங்கம் ‘கவலை’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த படகுல ஏத்தி விடறேங்கறார்."

"இன்னைக்கு அறிக்கை வருது. பொறும்மா."

உலையின் குளிர்நீர்க் குழாயில் விரிசல் என்று சொல்லும் ரகசியக் கோப்பு அவர் மேசைமேல்தான் கிடந்தது. அதைத் தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. அவருக்கும் வேலை வேண்டும்.

அறிக்கையின் வாசகத்தைப் பேசி முடிக்க எதிர்நாட்டுத் தூதர் துறைச் செயலாளரம்மாவின் அறைக்கு வந்திருந்தார். அம்மா எடுத்த எடுப்பில் ‘கடும் கண்டனம்’ என்று விலை சொன்னார். தூதர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ‘ஆழ்ந்த கவலை’ என்றதும் கதவருகே நின்றார்.

"சரி, வெறும் கவலை. உக்காருங்க."

"கவலைன்னா எங்க ஊர்ல பாதிப் பேர் மூட்டை கட்டிடுவான் மேடம். பார்த்துப் போடுங்க."

"இதுக்குக் கீழ கட்டுப்படியாகாது."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ‘அக்கறை’ன்னு போடுங்க."

தேநீர் வந்தது. பேரம் படிந்தது.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒற்று, தூதர் போனதும் தொண்டையைச் செருமினார். "மேடம், கவலைன்னே இருக்கட்டுமே?"

"ஏன், உங்களுக்கென்ன கவலை?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்த் தட்டச்சு செய்தார். விரல் இங்கே, மனம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஒற்று எழுதியதைச் சரிபார்க்கும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை. அறிக்கை அப்படியே வெளியே போயிற்று:

‘அணு உலை விஷயத்தில் அக்கரை எங்களுக்கு உண்டு. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.’

மாலைக்குள் எதிர்நாடு படகுகளை நிறுத்தித் துறையில் பட்டாளத்தை இறக்கியது. இங்கே தெருவெல்லாம் பட்டாசுச் சத்தம். அக்கரை நமதே என்று ஊரே ஆடியது.

ஒற்று செயலாளரம்மாவிடம் ஓடினார். "மேடம், தப்பு என்னோடது. பெரிய ‘ற’ போட வேண்டிய எடத்துல சின்ன ‘ர’ போட்டுட்டேன். ஒரு திருத்தம் வெளியிட்டுடலாம்."

"திருத்தமா? கரையைத் திருப்பிக் குடுத்துட்டோம்னு நாளைக்கு ஊரே நம்மளத் தொங்க விட்டுடும். மந்திரி மாலையும் கழுத்துமா மாடியில நிக்கறார், போய்ப் பாருங்க. நாப்பது கூட்டம் போட்டாலும் சேராத கூட்டம்யா! உங்க சின்ன ‘ர’ பெரிய வேலை பண்ணிடுச்சு."

"அப்ப உலை?"

"எந்த உலை?" என்றார் அம்மா.

ஒற்று தன் அறைக்குத் திரும்பியபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, உலையிலேருந்து வந்ததும் இவரே பெட்டி கட்டிக் குடுத்துக் கெளம்புன்னுட்டார். துறைக்குப் போனா படகு இல்ல. திரும்பி வந்துட்டோம்."

"சங்கு?"

"ஊதிக்கிட்டுத்தான் இருக்கு. இங்க தெருவுல போடற கோஷத்துல யாரு காதுல விழுது?" சற்று நிறுத்திச் சிரித்தாள். "ஏண்ணா, அக்கரை உங்களுதுன்னு சொல்லியாச்சில்ல? அப்ப வந்து எங்களக் கூட்டிட்டுப் போங்களேன்."

"ஜன்னலை எல்லாம் சாத்தி வைம்மா" என்றார்.

அவள் சாத்தப் போனாள். கீழே வைத்த தொலைபேசியில் சங்கு கேட்டது. பிறகு அதே சங்கு ஆற்றைக் கடந்து, கொஞ்சம் தாமதமாக, அவர் ஜன்னலுக்கும் வந்து சேர்ந்தது.