எக்கோ பெண்ட்சிலின் முதுகு

எட்சிபு ஊரில் எக்கோ பெண்ட்சிலை முன்னாலிருந்து பார்த்தால் தெரியும், பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது. ஊரின் காவல் கூட்டங்களில் ஒன்றான இரண்டாம் படையின் கேப்டனாக அவன் பதவியேற்ற மறுநாள் காலையில், மீன்கூடையோடு அவன் பின்னால் கடற்கரைக்குப் போன மனைவி அபாதான் இதை முதலில் கண்டாள். ஈர மணலில் கால்தடம் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே போனது. கூப்பிட்டாள். திரும்பினான், பல்குச்சியை மென்றபடி முழு ஆளாக நின்றான்.

காரணம் கொடிதான் என்பது பத்து மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பதவிக்கு வரும் கேப்டன் தன் படைக்குப் புதுக்கொடி தைத்துக் கொடுக்க வேண்டும். எக்கோ கொடுத்த மஞ்சள் கொடியில் ஒரு பெரிய படகு, அதன் முனையில் கை நீட்டி நிற்கும் அவன், எதிரே திமிங்கிலம்; ஓரத்தில், கேலிக்காக, நண்டு பொறுக்கும் எதிர்ப்படையான நாலாம் படைக்காரர்கள். கொடியின் இரு பக்கமும் ஒரே படம் இருக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு உருவத்தையும் இரண்டிரண்டாக வெட்டித் தைப்பார்கள். கேப்டனை வெட்டும்போது தையல்காரர் கொஜோ அக்வாவிடம் கறுப்புத் துணி முன்பக்க உருவத்துக்கு மட்டும்தான் இருந்தது; பின்பக்கம் அந்த இடம் காலி. பிறகு தைத்துக்கொள்ளலாம் என்று அப்படியே, கொடிகளுக்கு அனுமதி கொடுக்கும் வெள்ளைக்கார அதிகாரியிடம் கொண்டுபோனார். அதிகாரி ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்திவிட்டார். முத்திரை விழுந்த கொடியில், எதிர்ப்படை சம்மதிக்காமல் ஒரு தையல்கூடப் போடக்கூடாது. முந்தைய கொடிச் சண்டையில் மூன்று பேரைப் புதைத்துவிட்டு இரு படையும் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் அது.

முதல் வருஷம் அதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். கடன் கேட்க வருபவர்களுக்கு எக்கோ முதுகைக் காட்டிவிடுகிறான் என்றார்கள். கடலில்தான் சிரிப்பு அடங்கியது. படகு முனையில் நின்று அவன் கை காட்டினால், பின்னால் துடுப்புப் போடும் ஆறு பேருக்கும் வெறும் வானம்தான் தெரிந்தது. இரண்டு முறை படகு பாறையில் மோதப் பார்த்தது. மூன்றாம் வருஷம் பக்கவாட்டிலும் அவன் மங்க ஆரம்பித்தான். காது போனது, பிறகு கன்னத்தின் ஓரம். கொடியை வெயிலில் பிடித்துப் பார்த்த அக்வா தலையை ஆட்டினார். பின்பக்கம் வெறுமையாக இருந்த இடத்தில் துணி நைந்து, முன்பக்கக் கேப்டனும் இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தான். அடுத்த மழைக்குத் தாங்காது என்றார்.

அபா பிறந்தது நாலாம் படையில். பிள்ளைகள் அப்பன் படையைச் சேர்ந்தவர்கள். கல்யாணம் ஆனாலும் அது மாறாது. ஆகவே அந்தக் கொடியில் நண்டு பொறுக்குகிறவர்கள் அவளுடைய ஆட்கள். அந்தப் படைக்குத் தலைவர் அவளுடைய அண்ணன் குவெகு யார்க். அவரிடமே போய் நின்றாள்.

"என்னை நண்டு பொறுக்குறவனா தைச்சு ஊர் பூரா ஆட்டுனான் உன் புருஷன். இப்ப முதுகைக் காணோம்னு எங்கிட்ட வந்து நிக்கிறியா?" என்றார் யார்க். "நண்டை எடுக்கச் சொல்லு. அப்புறம் எத்தனை முதுகு வேணுமோ தைச்சுக்கட்டும்."

நண்டை எடுக்க முடியாது என்று இரண்டாம் படைப் பெரியவர்கள் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். எக்கோவும் அதையேதான் சொன்னான்: "என் ஆளுங்களைத் தலைகுனிய வைக்க மாட்டேன், அபா." பாதி காதும் இல்லாமல் உட்கார்ந்துகொண்டு அவன் பேசிய வீராப்பைக் கேட்டு அவளுக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது.

மூன்றாம் நாள் மறுபடி அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அந்த எடத்துல அவரைத் தைக்க வேணாம், அண்ணே. என்னைத் தைக்கட்டும். நம்ம படைப் பொண்ணு அவங்க படகு முனையில நின்னு கை காட்டுவா. அவங்க துடுப்புப் போடுவாங்க."

யார்க் வெகுநேரம் சிரித்தார். பிறகு ஜின் பாட்டிலை எடுத்துவரச் சொல்லி, முன்னோர்களுக்கென்று தரையில் ஊற்றிச் சம்மதித்தார். முன்பக்கம் எதுவும் மாறாது என்பதால் இரண்டாம் படையும் ஒத்துக்கொண்டது. யாரைத் தைக்கப் போகிறார்கள் என்பதை மட்டும் எக்கோவிடம் யாரும் சொல்லவில்லை, தெரிந்தால் தடுப்பான்.

அக்வா துணியை விரித்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஒரு பக்கம் மறுபக்கத்தைப் பாக்காதும்மா. தெரியும்ல?"

"தெரியும். நாளைக்குத் தைங்க."

அன்று சாயங்காலம் எக்கோ சோள உருண்டையும் வறுத்த மீனும் தின்று முடிக்கும்வரை அவள் எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டான். உதட்டில் மாவு ஒட்டியிருக்கிறது என்று சொல்லித் துடைத்துவிட்டாள்.

மறுநாள் கடைசித் தையல் விழுந்ததும் எக்கோவின் காது திரும்பிவந்தது. அன்றிலிருந்து முன்னால் நின்று பார்த்தால் எக்கோ, பின்னால் நின்று பார்த்தால் அபா. துடுப்புப் போடுகிறவர்களுக்கு முனையில் கை நீட்டி நிற்கும் பெண் நன்றாகவே தெரிந்தாள். படகு எங்கும் மோதவில்லை. ஊரார் அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, சுற்றி வந்து அவளுக்கும் சொல்லப் பழகிக்கொண்டார்கள். முதல் மாதம் எக்கோ திடீர் திடீரென்று திரும்பிப் பார்ப்பான். அவன் திரும்பும்போதெல்லாம் அவன் முதுகோடு சேர்ந்து அவளும் திரும்பிவிடுவாள். பிறகு விட்டுவிட்டான்.

இப்போது இருபத்தாறு வருஷம் ஆகிறது. எதிரே வருகிறவர்களை நிறுத்தி, அபாவுக்கு நரைத்துவிட்டதா என்று அவன் கேட்பதுண்டு. அவர்களும் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு முடிகூட நரைக்கவில்லை என்பார்கள். அப்படிச் சொல்லச் சொல்லி வைத்திருப்பவள் அவள்தான்.