பித்தளைத் திருகாணி

பீமாராவை முதலில் ரீப்பர் கட்டையால்தான் அடித்தார்கள். பரவை தாண்டி, திண்டுக்கல் ரோட்டோரத்தில், வெயில் மண்டையைப் பிளக்கும் பட்டப்பகலில் மூன்று பேர் வழிமறித்தார்கள். மூன்று தலையிலும் ஹெல்மெட். மூஞ்சியைக் காட்டத் துப்பில்லாத வீரர்கள்! கட்டை முறிந்தது, அவன் முழங்கையும் முறிந்தது. மண்ணில் குப்புற விழுந்தான். அப்போதும் ஒருத்தனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஏதோ ரிசப்ஷனுக்குப் போய்விட்டு வந்தவன்போல கோட்டு மாட்டி, பளபளவென்று ஷூ போட்டிருந்தான் அவன். பீமாராவைப் புரட்டி மல்லாத்திப் போட்டு, முகத்தில் ஓங்கி ஓங்கி மிதித்தான்.

“மாடு பிடிபடல. நீ பிடிபட்டேல்ல?” என்று கேட்டுக் கேட்டு மிதித்தான்.

பீமாராவ் செய்த குற்றம் அம்புட்டுத்தான். பொங்கலன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் அவன் காளை எவன் கைக்கும் சிக்காமல் போனது. மைக்கில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அண்டா கொடுத்தார்கள். அந்தப் பேரை மைக்கில் கேட்டது சில பேருக்குச் செரிக்கவில்லை.

அவன் அக்கா சரண்யாதேவி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது தாடையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள். பேச்சு வராது. இடது கண் தப்புமா என்பது வீக்கம் வடிந்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். தலைமாட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள் சரண்யா. அழுதுகொண்டே தம்பியின் கன்னத்தைத் தடவப் போனவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

கண்ணுக்குக் கீழே பிறை வடிவத்தில் ஒரு காயம். பிறைக்குள் மூன்று புள்ளி. இரண்டு சின்னது. ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் பெரியது, சதைக்குள் ஆழமாய் இறங்கியிருந்தது.

அது அவள் கை வேலை. ஐயோ, அவள் கையால் செய்த வேலை!

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, திருநகரில் சொந்தமாக ரிப்பேர் கடை போட்டிருந்தாள் சரண்யா. தோல் அடி வைத்த ஷூவில் முதலில் தேய்வது மூக்கு நுனி. தேயாமல் இருக்க அங்கே பிறை மாதிரி ஓர் இரும்பு லாடம் அடிப்பார்கள். தோலைக் கொஞ்சம் சீவிவிட்டு, தோலோடு தோலாக அமுக்கிப் பதிப்பது அவள் வழக்கம். இரண்டு வாரம் முந்தி ஒருத்தன் வந்து, அது கூடாது என்றான்.

“அமுக்காத. மேலயே நிக்கட்டும். நான் வாரது நாலு தெருவுக்குக் கேக்கணும்.”

வலது ஷூவில் மூன்றாவது திருகாணி உடைந்துபோனது. டப்பாவில் அந்த அளவு இல்லை. தலை பெருத்த பித்தளைத் திருகாணி ஒன்றைப் போட்டு முடுக்கினாள். அவன் அதற்கும் கத்தினான். பிறகு நேரமாகிவிட்டது என்று போட்டுக்கொண்டு போய்விட்டான். டோக்கனுக்குப் பேர் கேட்டபோது, “எதுக்கு? இங்ஙனயேதான நிக்கிறேன்” என்றிருந்தான். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது.

இன்ச் டேப்பைத் தம்பியின் கன்னத்தருகே பிடித்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“லாடத்த வச்சு ஆளப் பிடிக்கச் சொல்றியாம்மா? யாரு ஷூ அது? ஷூவயும் கொண்டா, அது என்னோடதுன்னு சொல்ற ஆளயும் கொண்டா. அப்புறம் பாப்போம்.”

எவனாவது தானே வந்து சொல்வானா? வீங்கிய கன்னம் வடிய வடிய அந்தப் பிறையும் மங்கிக்கொண்டு வந்தது. அது மறைந்தால் தம்பியை மிதித்தவன் கோட்டை மாட்டிக்கொண்டு அடுத்த ரிசப்ஷனுக்குப் போவான்.

ஐந்தாம் நாள் அவனே வந்தான். அவன் திமிர்தான் அவனைக் கூட்டிவந்தது என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைக்கு அவன் வருவது அது இரண்டாவது தடவை. ஒரு தடவைகூட அவள் முகத்தையோ, அவள் தலைக்கு மேலே மாட்டியிருந்த போட்டோவையோ அவன் ஏறிட்டுப் பார்த்ததில்லை. செருப்புத் தைக்கிறவள் முகத்தை அந்த மாதிரி ஆட்கள் எங்கே பார்க்கிறார்கள்?

“இந்தா, லாடம் ஆடுது. டைட் பண்ணு” என்று இரண்டு ஷூவையும் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

வலது ஷூவைத் திருப்பினாள். லாடத்துக்கும் தோலுக்கும் நடுவே கறுப்பாய்க் காய்ந்து ஒட்டியிருந்தது ஒரு கோடு. தம்பியின் ரத்தம். குத்தூசியை எடுத்து அவன் தொண்டையில் இறக்கிவிடலாமா என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, “பத்து நிமிசம்ண்ணே” என்றாள். ஷூவை மெல்ல ஒரு பாலிதீன் பைக்குள் தள்ளினாள்.

சும்மா உட்கார்ந்திருந்தவன் பொழுது போகாமல் தலையை நிமிர்த்தினான். போட்டோவில் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான் பீமாராவ். பக்கத்தில் சிரித்தபடி அவள்.

அவன் முகம் வெளிறியது. மறு நொடி பாய்ந்தான். கன்னத்தில் விழுந்த அறையில் அவளுக்குப் பல் ஆடியது. பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். முடியைப் பிடித்து மேஜைக் காலில் மோதினான், விலாவில் உதைத்தான். அவள் விடவில்லை. விட்டால் தம்பிக்கு நியாயமில்லை, எலும்பே நொறுங்கினாலும் விடமாட்டாள். துழாவிய கையில் சுத்தியல் சிக்கியது. தரையில் ஊன்றியிருந்த அவன் வெறுங்காலின் கட்டைவிரலில் பலங்கொண்ட மட்டும் இறக்கினாள். நகம் தெறித்தது. அவன் அலறிய அலறலில் பக்கத்துப் பஞ்சர் கடை சோணை ஓடிவந்தார். பின்னாலேயே தெரு கூடிவிட்டது. நாலைந்து பேர் செல்போனை உயர்த்திவிட்டார்கள்.

சரண்யா தவழ்ந்து வாசலுக்கு வந்து, பையை மார்போடு பிடித்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் நொண்டியபடி அவன் பையைப் பறிக்க வந்தான். சோணை குறுக்கே கை நீட்டி மறித்தார். தெருவே பார்க்கிறது, ஒரு பொம்பளை தரமாட்டேன் என்கிறாள். மானம் போகிற கோபத்தில் அவனுக்குக் கண் தெரியவில்லை.

“குடுடி! அது என் ஷூடி! நல்லாப் பாருங்கய்யா, இந்த அழகுராஜா ஷூவையே திருடுறா!”

வாயில் ஊறிய ரத்தத்தைப் பல்லோடு துப்பினாள் சரண்யாதேவி.

“இன்னொருக்காச் சொல்லுங்கண்ணே” என்றாள். “நாலு தெருவுக்குக் கேக்கணும்.”