பேட்டரி எண்

நான் கம்பெனிக்குத் தர வேண்டியிருந்தது நாலாயிரத்து அறுநூற்று எழுபது. குடித்துக் கெடுத்த காசு இல்லை, சீட்டாடித் தோற்றதும் இல்லை. கையில் ஒட்டியிருந்த ஒரு பிளாஸ்திரியைத் துடைத்ததால் வந்த கடன்.

எங்கள் ஆலையில் கண்ணாடி பாட்டில் செய்கிறோம். உலையிலிருந்து உருகிய கண்ணாடி துண்டு துண்டாக இறங்கி அச்சில் விழும், காற்று ஊதும், பாட்டிலாக வெளியே வரும். அதெல்லாம் இயந்திரத்தின் பாடு. அச்சில் கண்ணாடி ஒட்டாமலிருக்க உள்ளே மசகு தடவுவது மட்டும் மனுஷன் பாடு. குச்சி நுனியில் துணி சுற்றி, கரி கலந்த மசகில் தோய்த்து, அச்சு திறந்து மூடும் நேரத்துக்குள் உள்ளே விட்டு எடுத்துவிட வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தரம். பத்தொன்பது வருஷமாக நான் செய்வது இதுதான். பக்கத்து இயந்திரத்தில் என் மச்சான், என் வீட்டுக்காரியின் தம்பி. ஆலையில் அவனுக்கு 'இரும்பு' என்று பெயர். மணி அடிக்கும்வரை உட்காரமாட்டான். ஒண்ணுக்குப் போனால் பாட்டில் எண்ணிக்கை குறையும், அதற்குத் தரும் காசும் குறையும் என்று தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். இடுப்பு வலித்தால் கடையில் வலி மாத்திரை வாங்கி, தண்ணீர் இல்லாமலே விழுங்குவான். நாங்கள் அதைப் பார்த்து மெச்சியிருக்கிறோம்.

போன கோடையில் உலைப் பக்கம் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் பிளாஸ்திரி வந்தது. முழங்கைக்கு மேலே ஒட்டிக்கொள்ள வேண்டும். வேர்வையை உறிஞ்சிப் பார்த்து, உடம்பில் தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று மேஸ்திரி மேசைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிய திரைக்குச் சொல்லிவிடும். திரையில் ஆளுக்கு ஒரு விளக்கு. பச்சை என்றால் வேலை செய். மஞ்சள் என்றால் தண்ணீர் குடி. சிவப்பு என்றால் மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார். அந்தப் பெஞ்சுக்கு அன்றைக்கே 'மாப்பிள்ளை பெஞ்சு' என்று பெயர் விழுந்துவிட்டது.

பிளாஸ்திரி செய்கிற கம்பெனியிலிருந்து அதைக் கொண்டுவந்து ஒட்டிய மேடத்துக்கு வயது முப்பது இருக்கும். பொறுமைசாலி.

"வேர்வையில என்ன மேடம் இருக்கு? நாத்தம்தான் இருக்கு" என்றான் மச்சான்.

"அதையும் அளக்கலாம் அண்ணே. உங்க கம்பெனி அதுக்குக் காசு தரமாட்டேங்குது" என்றாள்.

அன்றைக்கு இரண்டு பக்கக் காகிதம் ஒன்றில் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். நான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்து நாலு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் கைநாட்டு. கையெழுத்துப் போடுகிற மிதப்பில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கிவிட்டேன். பிளாஸ்திரி தொலைந்தாலும் கெட்டாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

எங்கள் மசகு சோப்புக்குப் போகாது. வேலை முடிந்ததும் வாசலில் இருக்கும் டின்னில் துணியை நனைத்து மண்ணெண்ணெயால் தோள்வரை துடைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவோம். முதல் நாள் முதலில் மணி அடித்தது எங்கள் வரிசைக்கு. வரிசையில் முதலில் நின்றவன் நான். வழக்கம்போலத் துடைத்தேன். பிளாஸ்திரி முட்டைத் தோல்போலச் சுருங்கி, நுனியில் பிசுபிசுவென்று கரைந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் பதறிப்போய்த் தங்கள் பிளாஸ்திரிகளைக் கழற்றிக்கொண்டார்கள். அறுபது பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அதற்குக் கூலி இல்லை, அபராதம்தான். மாதம் அறுநூறு பிடிப்பதாகச் சொன்னார் கணக்கர்.

இரண்டாவது பிளாஸ்திரி ஒட்டினார்கள். இதுவும் கெட்டால் இன்னொரு நாலாயிரத்து அறுநூற்று எழுபது. பயம் பிடித்துக்கொண்டது. தினமும் வேலைக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் திரையில் என் பெயருக்கு எதிரே இருக்கும் எண்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். நாளைக்கு எவனாவது கெட்டுப்போச்சு என்று சொன்னால் காட்டலாம் இல்லையா? என் எண் சரிதானா என்று ஒத்துப்பார்க்க இன்னொருவன் வேண்டும். எதிர்ப்பக்கத்தில் மச்சானின் எண்களையும் எழுதினேன்.

திரையில் ஆளுக்கு மூன்று எண் வரும். முதலாவது தண்ணீர், இரண்டாவது உப்பு. மூன்றாவதற்குப் பெயர் போடவில்லை. மேஸ்திரியிடம் கேட்டோம். அவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

"அது பேட்டரிய்யா. போன்ல மூலையில நம்பர் காட்டுதுல்ல? அதேதான்" என்றார்.

அன்றிலிருந்து அது பேட்டரி எண். எனக்குப் பதினாலு, பதினைந்து. மற்றவர்களுக்குப் பதினெட்டு, இருபது. மச்சானுக்கு மட்டும் முப்பத்தெட்டு. பிறகு நாற்பத்தொன்று, நாற்பத்தாறு. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடை வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"என்ன மாமா, இன்னைக்கும் பதினாலா? சார்ஜரை எடுத்துட்டு வரட்டுமா?"

"வயசான செட்டுடா இது. அவ்வளவுதான் ஏறும்."

"எங்க அக்காவைக் கட்டின நாள்லயே உங்களுக்குச் சார்ஜ் இறங்கிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாள் முழுக்க உழைத்தவனுக்குப் பேட்டரி எப்படி ஏறும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எழுதுகிற நானும் கேட்கவில்லை. நோட்டுத் தலைப்பில் 'பே' என்று போட்டு எழுதிக்கொண்டே போனேன்.

ஒன்றிரண்டு விஷயம் கண்ணில் படத்தான் செய்தது. மச்சான் ஷூவின் நாடாவைக் கட்டாமல் நடந்தான். கேட்டால், "ஷூ சுருங்கிடுச்சு மாமா, மட்டமான சரக்கு" என்றான். காலையில் முகம் உப்பியிருந்தது. வீட்டில் சொன்னேன்.

"உங்க கண்ணை வைக்காதீங்க. இப்பதான் பிள்ளைக்குக் கொஞ்சம் கன்னத்துல சதை பிடிச்சிருக்கு" என்று வீட்டுக்காரி என் வாயை அடைத்துவிட்டாள்.

ஏழாவது வாரம் மேடம் பார்வையிட வந்தாள். கடனைக் குறைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. சாப்பாட்டு நேரத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மச்சானும் வேடிக்கை பார்க்க வந்தான். மண்ணெண்ணெய்க் கதையைச் சொன்னேன்.

"மண்ணெண்ணெயா? கையிலயா துடைப்பீங்க?" என்று மேடம் வாயைப் பிளந்தாள். "இங்க வந்து மூணு நாள் பார்த்தேனே, யாரும் சொல்லலையே."

"தினம் பல் விளக்குறதை யாராவது சொல்வாங்களா மேடம்?" என்றேன். "அதுக்கப்புறம் பாருங்க, இந்தப் பிளாஸ்திரியை எப்படிப் பார்த்துக்கிட்டிருக்கேன்னு. ஒரு நாள் விடாம எழுதியிருக்கேன்."

நோட்டைப் புரட்டினாள். சிரித்தாள். "இது என்ன ஐயா, 'பே'?"

"பேட்டரி மேடம்."

சிரிப்பு பாதியில் நின்றது. எதிர்ப்பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினாள். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்தாறு, ஐம்பது, ஐம்பத்திரண்டு.

"இந்தப் பக்கம் யாரோடது?"

"நான்தான்" என்று மச்சான் நெஞ்சை நிமிர்த்தினான்.

"இது பேட்டரி இல்லை அண்ணே. ரத்தத்துல இருக்குற கழிவைச் சிறுநீரகம் வெளியே தள்ளணும். தள்ளலைன்னா வேர்வையிலயும் அது கூடும். அந்த அளவுதான் இது." நோட்டை மூடினாள். "விளக்கு எரியுறது தண்ணிக்கும் உப்புக்கும் மட்டும்தான். இதை ஆலை மருந்தறையில பார்க்குறாங்கன்னு நான் நினைச்சேன். நான் பார்க்குறேன்னு அவங்க நினைச்சிருக்காங்க. தப்பு எங்களோடது. நீங்க இன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும்."

மச்சானின் முகம் மாறியது. உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டால் உலைப் பக்கம் நிற்க விடமாட்டார்கள். உலைப் பக்கம் நிற்காவிட்டால் எண்ணிக்கைக் காசு கிடையாது. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் படிக்கின்றன.

"மேடம், அது பிளாஸ்திரி கோளாறு" என்றான். "நானும் மண்ணெண்ணெயில துடைச்சுட்டேன். பயந்துக்கிட்டுச் சொல்லலை. என் கணக்குலயும் நாலாயிரத்து அறுநூத்தி எழுபது எழுதிக்கோங்க. ஆளை விடுங்க."

பொய். அவன் தினமும் கழற்றி, சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுத்தான் துடைப்பான். பக்கத்தில் நிற்பவன் நான். அவன் என்னைப் பார்த்தான். சும்மா இருங்க மாமா என்று கண் கெஞ்சியது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு அது அப்படியே போயிருக்கும். மண்ணெண்ணெய் பட்ட பிளாஸ்திரி என்ன ஆகும் என்று தன் கையிலேயே பார்த்தவன் ஆலையில் நான் ஒருவன்தான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டில் கோணலாக வந்தால் குற்றம் அச்சிலா, இயந்திரத்திலா என்று சண்டை போடமாட்டோம். இரண்டு இயந்திரத்தின் அச்சுகளையும் மாற்றிப் போடுவோம். கோணல் அச்சோடு போனால் அச்சில் குற்றம். அங்கேயே நின்றால் இயந்திரத்தில்.

"மேடம், இவன் பிளாஸ்திரியை எனக்கு ஒட்டுங்க. என்னுதை இவனுக்கு ஒட்டுங்க" என்றேன்.

"மாமா!"

"ஒட்டுறதுல உனக்கு என்னடா? பிளாஸ்திரி கோளாறுன்னா ஐம்பது எனக்கு வரட்டும். நானும் ஒரு நாள் இரும்பா இருந்து பார்க்குறேன்."

மறுக்க அவனுக்கு வழி இல்லை. மேடம் இருவருக்கும் துடைத்து மாற்றி ஒட்டினாள். வேர்வை ஊற அரை மணி நேரம் ஆகும் என்றாள். இருவரும் உலை ஓரமாக நின்றோம். எனக்கு மனசுக்குள் ஒரே ஒரு வேண்டுதல். பதினைந்து அவன் பக்கம் வரட்டும், ஐம்பது என் பக்கம் வரட்டும்.

திரையில் எண்கள் ஏறின. மேஸ்திரி எழுந்து நின்று பார்த்தார். என் கையிலிருந்த அவன் பிளாஸ்திரி பதினைந்து காட்டியது. அவன் கையிலிருந்த என் பிளாஸ்திரி ஐம்பத்து மூன்று.

மச்சான் போய் மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தான். வேலை நேரத்தில் அவன் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உலை வேலை போயிடும் மாமா" என்றான்.

"உலை வேலை போனா எண்ணிக்கைக் காசுதான்டா போகும். நீ போனா உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது? தினம் நோட்டுல எழுதினேன், ஆனா படிக்கலைன்னா?"

அவன் குனிந்து ஷூவைக் கழற்றினான். கணுக்காலில் சாக்ஸின் தடம் கயிறு கட்டியதுபோலப் பதிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிளாஸ்திரி சொன்னது சரிதான். டாக்டர் வெளியே வந்து என்னையும் வீட்டுக்காரியையும் நிற்க வைத்துச் சொன்னார்: "சூடு, தண்ணி குடிக்காதது, மேல மேல வலி மாத்திரை. மூணும் சேர்ந்து பண்ணின வேலை. இன்னும் நாலஞ்சு மாசம் விட்டிருந்தா ரத்தம் சுத்தம் பண்ற மிஷின்ல படுக்க வேண்டியிருந்திருக்கும். இப்ப திருப்பிக் கொண்டுவரலாம். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா பெரும்பகுதி வரும்."

வீட்டுக்காரி திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். வீட்டு வாசலில் என்னிடம், "கன்னத்துல சதைன்னு சொன்னேனே" என்றாள். நானும் பேட்டரி என்று எழுதியவன்தானே.

மச்சான் பத்து நாள் என்னோடு பேசவில்லை. அவனை உலையிலிருந்து பாட்டில் சோதிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். வெளிச்சத்துக்கு முன்னால் ஓடும் பாட்டில்களைப் பார்த்து விரிசல் உள்ளதைத் தட்டிவிட வேண்டும். மின்விசிறி உண்டு, உட்கார நாற்காலி உண்டு, எண்ணிக்கைக் காசு இல்லை. பதினோராவது நாள் சாப்பாட்டு நேரத்தில் தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துக் காட்டினான்.

"பார்த்துக்கிட்டீங்களா? நோட்டுல ஏத்திக்கோங்க" என்றான்.

அவ்வளவுதான் சமாதானம்.

இப்போது மூன்றாவது எண்ணுக்கும் விளக்கு போட்டுவிட்டார்கள். முதல் வாரமே கலவைப் பிரிவில் ஒருவருக்கும் அது எரிந்தது. அவரும் சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். சோதனை மேசையிலும் மச்சானுக்குப் பிளாஸ்திரி உண்டு. நாற்பத்து நாலு, முப்பத்தொன்பது, முப்பத்தொன்று என்று இறங்கி வந்தது. போன வாரம் இருபத்து நாலு. ஷூ நாடா கட்டுகிறான்.

"சார்ஜ் இறங்கிக்கிட்டே இருக்கு மாமா" என்று ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். இறங்குவதற்கும் இவனுக்குப் பெருமைதான்.

மண்ணெண்ணெய் டின்னுக்கு மேலே ஒரு பலகை மாட்டச் சொன்னாள் மேடம். வார்த்தையை நான்தான் சொன்னேன்: 'பிளாஸ்திரியைக் கழற்று. அப்புறம் துடை.' அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, எவனும் இரண்டாம் பக்கம் புரட்ட வேண்டியதில்லை.

மூன்று மாதம் பிடித்தம் போய், ஆயிரத்து எண்ணூறு கழிந்திருந்தது. நேற்று கணக்கர் கூப்பிட்டார். மேசையில் ஒரு காகிதம். பின்னால் இன்னொரு காகிதம்.

"உன் பிளாஸ்திரிக் கடனைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. மண்ணெண்ணெய் ஆகாதுன்னு முன்னாடியே சொல்லாதது அவங்க தப்பாம். அந்த மேடம் எழுதிக் கொடுத்திருக்கு. பிடிச்சதும் திரும்பி வரும். கையெழுத்துப் போடு" என்று பேனாவை நீட்டினார்.

நான் பேனாவை வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்தை விரல் வைத்துப் படித்தேன்.

"அட, நல்லதுதான்யா எழுதியிருக்கு. எனக்குச் சாப்பாட்டு நேரம் ஆச்சு" என்றார் கணக்கர்.

"சாப்பிட்டு வாங்க சார். நான் இங்கேயே இருக்கேன்."

அவர் போகவில்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். நடுவில் என் பெயர், அதற்கு நேரே நாலாயிரத்து அறுநூற்று எழுபது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து. கடைசி வரிவரை படித்துவிட்டு, அதன் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.