நாற்பத்திரண்டாம் பக்கம்

செப்டம்பரிலிருந்து எங்கள் தொடக்கப் பள்ளியில் என்ன பாடம் வேண்டும் என்று குழந்தைகளே கேட்டு வாங்க வேண்டும். சுற்றறிக்கை வந்துவிட்டது. கூடவே இருபத்தாறு எவர்சில்வர் டப்பாக்களும் வந்தன. மூன்றாம் வகுப்பில் இருபத்தாறு பேர்.

டப்பா வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாயருகே வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். கடைசி எழுத்து முடியும்போது மூடிவிட வேண்டும். தாமதித்தால் வாக்கியத்தின் வால் வெளியே நின்று நசுங்கும். உள்ளே போன வாக்கியம் பிறகு சொன்னவரிடம் இருக்காது. வேறு எதையும் பேசலாம், அதை மட்டும் பேச முடியாது. பாடத்திட்ட அலுவலகத்திலிருந்து பதில் வந்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

குழந்தைகளுக்கு இதையெல்லாம் இரண்டு முறை விளக்கினேன். பிறகு ஒரு டப்பாவைத் திறந்து வாயருகே வைத்துக் காட்டினேன்.

"நீங்க என்ன படிக்க ஆசைப்படுறீங்க?" என்றேன்.

இருபத்தைந்து பேரும் டப்பாவைத் திறந்து, "நீங்க என்ன படிக்க ஆசைப்படுறீங்க?" என்று ஒரே குரலில் சொல்லி மூடினார்கள்.

நான் சொன்னதைத் திருப்பிச் சொல்வது எங்கள் வகுப்பின் வழக்கம். மூன்று வருடமாக நான்தான் பழக்கியிருந்தேன். சுருதிகூடப் பிசகவில்லை. அந்தக் கேள்வி அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் யாரிடமும் இல்லை. நான் என் கையிலிருந்த டப்பாவை மூடவில்லை; ஆனாலும் கேள்வி என்னுடையது என்பதால் என்னிடமும் இல்லை.

இருபத்தாறாவது ஆள் செவ்வந்தி. அப்போதுதான் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், செவ்வந்தி லேட்டு! முட்டிபோடச் சொல்லுங்க!" என்றான் கவின்.

"நீ ஒன் டப்பாவப் பாருடா, பல்லி நசுங்குன மாதிரி இருக்கு" என்றாள் செவ்வந்தி.

உண்மைதான். அவன் டப்பாவில் கேள்வியின் வால் மாட்டித் துடித்துக்கொண்டிருந்தது.

செவ்வந்திக்கு நான் செய்துகாட்ட முடியவில்லை. டப்பாவை மட்டும் கொடுத்தேன். அவள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய் மெதுவாகச் சொன்னாள்.

"பரணி நாப்பத்தொண்ணாம் பக்கம் வரைக்கும்தான் படிச்சான், மிச்சத்த அவனுக்கு எப்பிடிச் சொல்லிக் குடுக்குறதுன்னு ஒரு பாடம் வைங்க."

சரியான நேரத்தில் மூடினாள்.

பரணி அவள் தம்பி. ஒன்றாம் வகுப்பு. ஒன்றிலிருந்து மூன்று வரை ஒரே அறைதான், மூன்றுக்கும் நான்தான். ஆகஸ்டில் அவனுக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் ஊருக்கு வெளியே வேலிக்கருவைகளுக்கு நடுவில் சின்னதாக ஒரு குழி வெட்டினார்கள். அவன் பெயரைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தேன். புத்தகத்தைத் திரும்ப வாங்கிப் பீரோவில் பூட்டினேன். விதி அப்படி.

டப்பாக்களை ஒரு சாக்கில் கட்டிப் பேருந்தில் பாடத்திட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே அறைக்குப் போகும் நடைவழி நீளும். வருபவரின் அவசரத்தைப் பொறுத்து நீளும் என்று காவலாளி சொன்னார். நான் அவசரமில்லாதவள்போல் நடந்து பார்த்தேன். நடை நம்பவில்லை. போய்ச் சேர மதியமாகிவிட்டது.

கண்காணிப்பாளர் அருள்சாமி பாதி மேசையாக இருந்தார். பணிமூப்பில் அப்படி ஆகும். முதலில் முழங்கால் மரமாகும், பிறகு வயிற்றில் இழுப்பறை வரும். கைகளும் முகமும் இன்னும் அவருடையவை.

டப்பாக்களை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டார்.

"இருபத்தஞ்சும் ஒண்ணுதான் டீச்சர்."

"பிள்ளைங்க சொன்னது சார்."

"நல்லாப் பழக்கியிருக்கீங்க. பெரும்பான்மை. இதையே பாடமா வச்சிரலாம்."

"அது கேள்வி சார். பாடம் இல்ல."

"பதில் இல்லாத எத்தன பாடம் நடத்துறீங்க?"

கடைசி டப்பாவை எடுத்தார். கனத்தது. இரண்டு கையாலும் தூக்கிக் கேட்டார். வெகுநேரம் கேட்டார்.

"பையன் பேரு பதிவேட்டுல இருக்கா?"

"இருந்துச்சு. அடிச்சிட்டேன்."

"யாரு அடிச்சா?"

"நான்தான் சார்."

"அப்ப அவன் மாணவன் இல்ல. மாணவன் இல்லாதவனுக்குப் பாடம் கேக்க வழியில்ல."

"கேக்குறது அவ அக்கா சார். அவ மாணவி."

"படிக்கப் போறது அவன்ல?"

அவருடைய இழுப்பறை தானாகச் சற்றுத் திறந்தது. உள்ளே தண்ணீர் நின்றது. காகிதங்கள் மிதந்தன. அவர் சட்டென்று மூடிக்கொண்டார்.

"கோப்பு நனையும் டீச்சர். கெளம்புங்க."

டப்பாவைக் கேட்டேன். நிராகரித்ததைத் திருப்பித் தருவதில்லை என்றார்.

மறுநாள் செவ்வந்தி எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தாள். ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். வாக்கியம் அவளிடம் இல்லை. அது எப்படிப் போனது, ஏன் வராது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. அவள் கேட்கவில்லை.

"டீச்சர்" என்றாள். "நாப்பத்திரண்டாம் பக்கம் மட்டும் கிழிச்சுத் தாங்க."

அரசுப் புத்தகத்தைக் கிழிப்பது குற்றம். பீரோவைத் திறந்து கிழித்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு மரத்தின் படமும், 'ம' எழுதிப் பழகப் பத்துக் கட்டங்களும் இருந்தன. நான்காக மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவந்தாள். தாளில் மண் ஒட்டியிருந்தது. பத்துக் கட்டத்திலும் எழுதியிருந்தது. செவ்வந்தியின் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். இது கோட்டுக்குக் கீழே சரிந்து சரிந்து போயிற்று.

"சரியா எழுதிருக்கானா டீச்சர்?"

சிவப்புப் பேனாவை எடுத்தேன். "ரெண்டு மட்டும் திரும்பி நிக்குது."

"அவசரப்படுவான் டீச்சர். சொல்றேன்." தாளை வாங்கி ஊதி மண்ணைத் தட்டினாள். "இப்பிடியே முழுசும் எழுதிட்டா ரெண்டாம் வகுப்புக்குப் போயிருவானா?"

"எட்டாம் வகுப்பு வரைக்கும் யாரையும் ஃபெயில் போடக் கூடாது. சட்டம் இருக்கு."

"அவனுக்குமா?"

"யாரையும்னுதான் போட்டிருக்கு."

அவள் விரல்விட்டு எண்ணினாள். எட்டு வந்ததும் நிறுத்தி, மீதமிருந்த இரண்டு விரலையும் பார்த்தாள்.

அதற்கப்புறம் என்ன என்று அவள் கேட்கவில்லை. நான் நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் கிழித்தேன்.