எதிர்க்கடை வாதி

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் என் சகலை. நானும் தையல்காரன், அவனும் தையல்காரன். ஒரே தெருவில் எதிரெதிர்க் கடை. அவன் கடைக்குக் கூட்டம் வரும். அங்கே நிற்க இடமில்லாதவர்கள் என் கடைக்கு வருவார்கள். இதற்குப் பெயர் பொறாமை என்பவர்கள் எதிர்க்கடை வைத்துப் பார்த்ததில்லை.

ஒருநாள் நூல் வியாபாரி ஒருவன் வந்தான். "ரயிலையே கட்டி இழுக்கலாம், அறாது" என்று எங்கள் இருவர் முன்னாலும் சத்தியம் செய்து, பெட்டி பெட்டியாக விற்றுவிட்டுப் போனான். அந்த நூலில் சகலை தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வங்கி மேலாளர் ஒரு தும்மல் போட்டார். இரண்டு காலும் பாகப்பிரிவினை செய்துகொண்டன. மனிதர் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். தலையங்கம் எந்தப் பக்கம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் வாயை மூடிக்கொண்டேன். சகலை வழக்குப் போட்டான்.

"அவன் கம்பி எண்ணினா என் கடை நிமிருமா அண்ணே? விழுங்கினதைக் கக்கணும். அதுக்கு சிவில் கோர்ட்டுதான்."

அன்றிலிருந்து தெருவே அவனை 'வாதி' என்றது. டீக்கடையில் முதல் டீ வாதிக்கு. என் மனைவிகூட, "தங்கச்சி வீட்டுக்காரர் கோர்ட்டு ஏறுறாரு. உங்களுக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது" என்றாள்.

தோற்றால் கெட்ட பேரோடு அவன் கடையைச் சாத்த வேண்டியதுதான். அந்தச் சத்தியத்தைக் கேட்ட ஒரே சாட்சி நான். 'ஞாபகமில்லை' என்று சொல்வதாகத் தீர்மானித்து, மீந்த நூலை வீணாக்காமல் நானே தைத்த புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூண்டில் ஏறினேன்.

வியாபாரியின் வக்கீல் குழைந்தார். "நூல்ல குத்தமே இல்ல. உங்க சகலையோட தையல்தான் மோசம். சரிதானே?"

இவ்வளவு நல்ல மனிதரை நான் கோர்ட்டில் எதிர்பார்க்கவில்லை. "மோசம்னு சொன்னா மோசமே கோவிச்சுக்கும்" என்று கையை உயர்த்தினேன். கோட்டின் கை கழன்று குமாஸ்தாவின் மேசையில் விழுந்தது. அதை எட்டிப் பிடிக்க மறு கையை நீட்டினேன். அதுவும் போயிற்று.

"அப்போ உங்க தையல் அவரைவிட மோசமா?" என்றார் வக்கீல்.

கோர்ட்டே சிரித்தது. சகலை மட்டும் சிரிக்காமல் பரிதாபமாகப் பார்த்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"என் தையலா? நூலுங்க, எல்லாம் அந்த நூலு. ரயிலை இழுக்கும்னு இந்த ஆளுதான் எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் பண்ணான்" என்று ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன்.

சகலை ஜெயித்தான். நஷ்டஈடு வழக்குப் போட்டவனுக்குத்தானே. எனக்கு என் இரண்டு கைகளையும் மடித்துக் கொடுத்தார்கள்.

கோர்ட்டு வாசலில் அவன் என் தோளைத் தொட்டான். "உங்களாலதான் ஜெயிச்சேன் அண்ணே. நீங்களும் ஒரு வழக்குப் போடுங்க. நான் சாட்சி சொல்றேன்."

"போடுங்களேன்" என்றாள் வழக்கைப் பார்க்க வந்திருந்த என் மனைவி.

"போட்டு? நான் ஜெயிச்சா, தங்கச்சி வீட்டுக்காரர் சாட்சி சொல்லித்தான் ஜெயிச்சேன்னு நீயே ஊரெல்லாம் சொல்லுவ."